பிஸ்டல் முனையில இருக்கற அந்த ஓட்டைங்க எதுக்கு? காம்பென்சேட்டர் வச்ச ஃபுல் சைஸ் பிஸ்டல் பத்தி ஒரு விளக்கம்

துப்பாக்கி சம்பந்தமா ஏதாவது செய்தி வந்து, கூடவே போட்டோவும் வந்து, அதுல பிஸ்டல் முனையில சின்னதா ஒரு டப்பா மாதிரி, மேல ரெண்டு மூணு ஓட்டையோட ஏதாவது தெரிஞ்சா போதும், உடனே "சைலன்சர் மாட்டின துப்பாக்கி"ன்னு எழுதிடறாங்க. சிலர் அது ஆட்டோமேட்டிக் துப்பாக்கின்றாங்க, இன்னும் சிலர் அதை மாட்டினா குண்டு வேகமா போகும்ன்றாங்க. மூணுமே தப்பு. அதுக்குப் பேரு காம்பென்சேட்டர், சுருக்கமா காம்ப். அது சத்தத்தைக் குறைக்காது, சுடறவருக்கு இன்னும் அதிகமாத்தான் கேட்கும். குண்டோட வேகத்தைக் கூட்டாது, சில வகையில கொஞ்சம் குறைக்கவும் செய்யும். அதோட வேலை ஒண்ணுதான், சுட்டதும் துப்பாக்கியோட மூக்கு மேல எகிறறதைக் குறைக்கறது. ஆனா அந்த ஒரு வேலைக்காக துப்பாக்கிக்குள்ள ஸ்பிரிங்ல இருந்து தோட்டா வரைக்கும் மத்த எல்லாத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டி வருது, விஷயமே அங்கதான் இருக்கு.

செமி ஆட்டோமேட்டிக்னா என்ன

ட்ரிகரை ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டு மட்டும்தான் போகும், அடுத்த குண்டுக்கு விரலை விட்டுட்டு மறுபடி இழுக்கணும். "செமி"ன்றது இதைத்தான் சொல்லுது. சுட்ட தோட்டாவோட காலி உறையை வெளிய தள்ளி அடுத்த தோட்டாவை உள்ள ஏத்தற வேலையை மட்டும் துப்பாக்கி தானா பண்ணிக்கும். விரலை எடுக்காம பிடிச்சிட்டிருந்தா தொடர்ந்து சுட்டுக்கிட்டே இருந்தாத்தான் அது முழு ஆட்டோமேட்டிக். காம்ப் இருக்கறதுக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது.

அந்த தானா ஏத்திக்கற வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் பின்னாடி சொல்லப்போறது புரியும். இன்னைக்கு இருக்கற பெரிய பிஸ்டல்கள்ல பெரும்பாலானது ஜான் பிரவுனிங் உருவாக்கின வழியிலதான் வேலை செய்யுது, 1911 மாடல் பிஸ்டல்ல இருந்து க்ளாக் 17 வரைக்கும் அடிப்படை ஒண்ணுதான். வரிசையா பார்த்தா:

1. தோட்டா வெடிக்கும்போது பேரலும் (குண்டு போற குழாய்) மேல முன்னும் பின்னும் ஓடற ஸ்லைடும் ஒண்ணோட ஒண்ணு பூட்டி இருக்கும்.
2. குண்டு முன்னாடி போக, இந்த ரெண்டும் சேர்ந்து பின்னாடி நகர ஆரம்பிக்கும், சேர்ந்து போறது சில மில்லிமீட்டர் மட்டும்தான்.
3. அதுக்குள்ள குண்டு வெளிய போய் உள்ள பிரஷர் இறங்கிடும், அப்ப பேரலோட பின்பக்கம் கீழ சாய்ஞ்சு பூட்டு விடும், பேரல் அங்கயே நின்னுடும்.
4. ஸ்லைடு மட்டும் வேகமா பின்னாடி போய் காலி உறையை வெளிய எறியும், போற வழியில ஸ்பிரிங்கை அமுக்கும்.
5. ஸ்பிரிங் திருப்பித் தள்ள, ஸ்லைடு முன்னாடி வரும்போது தோட்டா அடுக்கி வச்ச மேகசின்ல இருந்து புது தோட்டாவை உள்ள தள்ளி மறுபடி பூட்டிக்கும்.

இது மொத்தமும் கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். இந்த ஓட்டத்துக்கு வேற பேட்டரி மோட்டார்னு எதுவும் கிடையாது, சுட்டதுல வர்ற பின்னுதைப்புதான் இதுக்கு எரிபொருளே. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

மூக்கு ஏன் மேல எகிறுது

குண்டு முன்னாடி போனா துப்பாக்கி பின்னாடி வரும், நியூட்டனோட மூணாவது விதி, எல்லாரும் படிச்சதுதான். ஆனா நேரா பின்னாடி மட்டும் வந்தா கை அதைத் தாங்கிக்கும், மூக்கு ஏன் தூக்கணும்? காரணம், பேரல் இருக்கறது மேல, கை பிடிக்கற இடம் கீழ. பின்னாடி தள்ளற விசை பேரல் கோட்டுல வருது, அதைத் தடுக்கற கை அதுக்கு சில சென்டிமீட்டர் கீழ இருக்கு, அதனால துப்பாக்கி மணிக்கட்டை மையமா வச்சு சுத்தப் பார்க்குது. கதவைக் கீல்ல இருந்து தள்ளி எவ்வளவு தூரத்துல பிடிச்சுத் தள்றோமோ அவ்வளவு சுலபமா சுத்தும் இல்லையா, அதே கணக்கு. பேரலுக்கும் கைக்கும் நடுவுல இருக்கற உயரம் குறைய குறைய எகிறறதும் குறையும், பேரல் கையோட ஒட்டி தாழ்வா இருக்குன்னு சில பிஸ்டல்களைப் பெருமையா சொல்றது இதுக்காகத்தான்.

எகிறினா என்ன கெட்டுப்போச்சுன்னா, முதல் குண்டுக்கு ஒண்ணும் இல்லை, குண்டு அதுக்குள்ள போயிடும். ரெண்டாவது குண்டுக்குத்தான் பிரச்சினை, மூக்கு கீழ இறங்கி குறி மறுபடி இலக்குல நிக்கற வரைக்கும் காத்திருக்கணும். நல்லா பயிற்சி எடுத்த போட்டிக்காரங்க ரெண்டு குண்டுக்கு நடுவுல 0.2 வினாடிக்கும் கம்மியாத்தான் எடுத்துக்குவாங்க, அந்த வேகத்துல ஒவ்வொரு மில்லிமீட்டர் எகிறலும் கணக்குல வரும்.

காம்ப் உண்மையில எவ்வளவு வேலை செய்யுது

குண்டுக்குப் பின்னாடியே எரிஞ்ச வெடிமருந்தோட கேஸ் பெரிய வேகத்துல வெளிய வரும். காம்ப்ல மேல பார்த்த மாதிரி வாசல் வெட்டியிருப்பாங்க. கேஸ்ல ஒரு பங்கு அந்த வாசல் வழியா மேல பாயும், கேஸ் மேல போனா மூக்கு கீழ தள்ளப்படும், ராக்கெட் மாதிரி. உள்ள குறுக்குச் சுவர் வச்சிருந்தா கேஸ் அதுல மோதி துப்பாக்கியைக் கொஞ்சம் முன்னாடியும் இழுக்கும், இப்படிப் பின்னுதைப்பையே குறைக்கறதை முக்கிய வேலையா வச்சுக்கிட்டா அதை மஸில் பிரேக்னு சொல்றாங்க. பிஸ்டல்ல ரெண்டும் கலந்தேதான் வரும்.

சரி, இதுல எவ்வளவு லாபம்? ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாப்போம், ஏன்னா இங்கதான் விளம்பரம் ஒரு பக்கமும் இயற்பியல் ஒரு பக்கமும் போகுது. சாதாரண 9 எம்எம் குண்டு 124 கிரெயின், அதாவது சுமாரா 8 கிராம் (கிரெயின்றது கிராம் இல்லை, ஒரு கிராமுக்கு 15.4 கிரெயின், இதைப் பலர் குழப்பிக்கறாங்க). வேகம் வினாடிக்கு 340 மீட்டர்னு வச்சா குண்டோட உந்தம் (கிலோ கணக்குல எடை பெருக்கல் வேகம்) 2.7 வருது. மருந்து வெறும் 0.3 கிராம்தான், கேஸ் குண்டைவிட வேகமா வந்தாலும் அதோட உந்தம் 0.2 பக்கம்தான். மொத்தம் 2.9ல கேஸோட பங்கு ஏழு சதவீதத்தைத் தாண்டாது. இவ்வளவு சின்ன சமாச்சாரம் என்ன பண்ணிடப் போகுதுன்னு தோணும்.

ஆனா இங்க தூரம் உதவிக்கு வருது. பின்னுதைப்பு கைக்கு 4 சென்டிமீட்டர் மேல இருந்து தள்ளுதுன்னு வச்சா சுத்தற விசை 2.9 பெருக்கல் 4, கிட்டத்தட்ட 12. காம்ப் இருக்கறதோ மணிக்கட்டுல இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, துப்பாக்கியோட கடைசி முனையில. கேஸ்ல பாதி மேல போனாலும் 0.1 பெருக்கல் 20, அதாவது 2. ஆக எகிறல்ல ஆறுல ஒரு பங்கு குறையுது. சாதாரண 9 எம்எம் தோட்டாவுக்கு இதுதான் நேர்மையான எதிர்பார்ப்பு. "மூக்கு அசையவே அசையாது"ன்னு சொல்றது இந்தத் தோட்டாவுக்குப் பொருந்தாது. அந்த டப்பாவோட எடையே முனையில உக்காந்து மூக்கைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கும்ன்றதும் லாபத்துல ஒரு பங்கு, அதுக்கு ஓட்டையே தேவையில்லை.

கேஸ் நிறைய இருந்தா கதையே வேற

மேல போட்ட கணக்குல மருந்தை ரெண்டு மடங்கு ஆக்கினா என்ன ஆகும்னு பாருங்க, காம்போட பங்கு ஆறுல ஒண்ணுல இருந்து மூணுல ஒண்ணு பக்கம் வந்துடும். போட்டித் துப்பாக்கியோட வரலாறே இந்த ஒரு வரியிலதான் ஓடுது.

காம்ப் புதுசு இல்லை, 1920கள்லயே அமெரிக்க மரைன் படை அதிகாரி ரிச்சர்ட் கட்ஸ் பேர்ல ஒரு காம்பென்சேட்டர் வந்து, 1928 மாடல் தாம்சன் சப்மெஷின் கன் முனையில உக்காந்துச்சு. பிஸ்டல்ல அது பெரிய அளவுல வந்தது நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளால. 1976ல ஐபிஎஸ்சின்ற சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பை ஆரம்பிச்சாங்க, ஜெஃப் கூப்பர் அதோட முதல் தலைவர். அங்க பவர் ஃபேக்டர்னு ஒரு கணக்கு இருக்கு, குண்டோட எடையைக் கிரெயின்லயும் வேகத்தை வினாடிக்கு எத்தனை அடின்னும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும். 124 கிரெயின் குண்டு 1100 அடி வேகம்னா 136. 125ஐத் தொட்டா மைனர், காம்ப் அனுமதிக்கற ஓப்பன் பிரிவுல 160ஐத் தொட்டா மேஜர். இலக்கோட நடுப் பகுதியில பட்டா ரெண்டு பேருக்கும் 5 மார்க், ஆனா அடுத்த பகுதியில மேஜருக்கு 4, மைனருக்கு 3, அதுக்கும் வெளிய மேஜருக்கு 2, மைனருக்கு 1. அதனால வேகமா சுடறவங்களுக்கு மேஜர் வேணும், ஆனா மேஜர்னா எகிறல் அதிகம்.

ஆரம்பத்துல மேஜர்னா .45 ஏசிபின்ற தோட்டாதான். பெரிய குண்டு, மெதுவான வேகம், பிரஷர் உச்சவரம்பு அமெரிக்கத் தரத்துல சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு மட்டும்தான். 1980கள் தொடக்கத்துல ராப் லேத்தம், பிரையன் ஈனோஸ்னு ரெண்டு போட்டிக்காரங்க .38 சூப்பர்ன்ற தோட்டாவுக்கு மாறினாங்க, அதோட வரம்பு 36,500, உறை நீளம் கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர், 9 எம்எம்க்கு 19 தான். நீள உறைக்குள்ள நிறைய மருந்து, லேசான குண்டு, முனையில காம்ப். பவர் ஃபேக்டர் கணக்குல சமமா வந்தாலும் உந்தத்துல பெரிய பங்கை கேஸ் சுமக்குது, கேஸைத்தான் காம்ப் திருப்பிவிட முடியும், குண்டை முடியாது. .45 வச்சிருந்தவங்க இதுக்கு ஈடு கொடுக்க முடியாம போச்சு. ரொம்ப அழகான பொறியியல் முடிவு இது, விதியை மீறாமலே விதிக்குள்ள இருந்த கணக்கைப் பிடிச்சாங்க.

இதை அப்படியே திருப்பிப் பார்த்தா இன்னைக்குக் காம்ப் வாங்கறவங்க பண்ற பெரிய தப்பும் புரியும். 147 கிரெயின் மெதுவான குண்டையும் கம்மி மருந்து பயிற்சித் தோட்டாவையும் போட்டுட்டு காம்ப் வேலை செய்யலைன்னு சொல்றாங்க, அதுல வேலை செய்ய கேஸே இல்லை. 115, 124 கிரெயின், நல்ல பிரஷர் இருக்கற தோட்டாவுலதான் வித்தியாசம் தெரியும்.

காம்ப் எந்தெந்த மாதிரி வருது

1. திருகி மாட்டற காம்ப்: பேரல் ஸ்லைடுக்கு வெளிய நீண்டு, முனையில மரை வெட்டியிருக்கும், அதுல காம்பைத் திருகி ஓட்டை சரியா மேல பார்க்கற மாதிரி நிறுத்தி இறுக்கணும். எடை பேரல்ல சேருது, அதனால பூட்டு விடற வேகம் மாறும். சுடச் சுட கழண்டுக்கற வாய்ப்பும் உண்டு, கொஞ்சம் கோணினா குண்டே காம்ப்ல உரசும்.

2. பேரலோட ஒண்ணா செஞ்ச காம்ப்: போட்டி பிஸ்டல்கள்ல இதுதான் வழக்கம். கழண்டுக்கற பயம் இல்லை, ஆனா துப்பாக்கியே அதுக்காகன்னு செய்யணும், செலவு அதிகம்.

3. ஓட்டை போட்ட பேரல், போர்ட்டிங்னு சொல்லுவாங்க: தனி டப்பா எதுவும் கிடையாது, பேரல்லயே ஓட்டை, ஸ்லைடுல அதுக்கு நேரா ஜன்னல். க்ளாக் 17சி இந்த வகை. நீளம் கூடாது, எடை கூடாது, துப்பாக்கி வைக்கற பழைய ஹோல்ஸ்டர்லயே போகும். ஆனா குண்டு இன்னும் பேரலுக்குள்ள இருக்கும்போதே கேஸ் கசியுது, அதனால வேகம் கொஞ்சம் குறையும். வெறும் ஈயக் குண்டு போட்டா ஓட்டை விளிம்புல ஈயம் சீவி அடைச்சுக்கும், செப்பு உறை போட்ட குண்டுதான் சரி.

4. ஸ்லைடுலயே சேர்ந்த காம்ப்: ஸ்லைடு வழக்கமான நீளம், பேரல் அதைவிடக் குட்டை, முன்னாடி மிச்சம் இருக்கற இடம்தான் கேஸ் விரியற அறை, மேல வாசல். சிக் சவர் ஸ்பெக்டர் காம்ப் மாடல்கள் இப்படித்தான். கழண்டுக்க எதுவும் இல்லை, மரையும் தேவையில்லை. ஆனா பேரல் குட்டையானதுக்கு குண்டு வேகத்துல கொஞ்சம் விலை கொடுக்கணும்.

நம்பகத்தன்மைக்கு என்ன ஆகுது

முன்னாடி சொன்னதை இப்ப எடுத்துக்கோங்க, ஸ்லைடு ஓடறதுக்கு எரிபொருளே பின்னுதைப்புதான். காம்ப் அந்த பின்னுதைப்புல கொஞ்சம் எடுத்துக்குது, எடையும் சேர்க்குது. சும்மா மாட்டினா மட்டும் போதும்னு மாட்டினீங்கன்னா ஸ்லைடு முழுசா பின்னாடி போகாம பாதியில திரும்பும், காலி உறை வெளிய போகாம வாசல்லயே நிமிர்ந்து மாட்டிக்கும், இல்லைன்னா அடுத்த தோட்டாவை எடுக்காமலே ஸ்லைடு மூடிக்கும். இதுக்குத் தீர்வு லேசான ஸ்பிரிங். .45 1911க்கு வழக்கமா 16 பவுண்டு ஸ்பிரிங், காம்ப் வச்ச போட்டித் துப்பாக்கியில 10 பவுண்டுக்கும் கீழ போறவங்க இருக்காங்க. ஸ்லைடுல ஜன்னல் மாதிரி வெட்டி எடையைக் குறைக்கறதும் இதே காரணத்துக்குத்தான், அழகுக்காக மட்டும் இல்லை.

ஸ்பிரிங்கை ரொம்ப லேசாக்கினா அதுலயும் வம்பு இருக்கு, ஸ்லைடு பின்னாடி போய் ஃபிரேம்ல (துப்பாக்கியோட கீழ்ப்பகுதி) ஓங்கி மோதும், திரும்பி வரும்போது தோட்டாவை முழுசா உள்ள தள்ளி பூட்டறதுக்கு பலம் பத்தாது. அதனால ஸ்பிரிங், ஸ்லைடு எடை, காம்ப், தோட்டா இந்த நாலையும் ஒண்ணாத்தான் பொருத்தணும், ஒண்ணை மாத்தினா மத்த மூணையும் திரும்பப் பார்க்கணும். தன் பாதுகாப்புக்கு வச்சிருக்கற துப்பாக்கியில தனியா காம்ப் வாங்கி மாட்டறதை அனுபவசாலிங்க வேண்டாம்ன்றதுக்கு இதுதான் காரணம், அந்த எச்சரிக்கை முழுக்க நியாயமானதுன்னுதான் சொல்லணும். கம்பெனியிலயே காம்போட சேர்த்து வடிவமைச்சு வர்றது இந்த விஷயத்துல எவ்வளவோ மேல்.

ஃபுல் சைஸ்ல ஏன்

ஃபுல் சைஸ்னா சட்ட வரையறை எதுவும் கிடையாது, நடைமுறையில பேரல் நாலரைல இருந்து அஞ்சு அங்குலம், கைப்பிடியில எல்லா விரலும் உக்காரணும், 9 எம்எம்னா பொதுவா 15 தோட்டா இல்லைன்னா அதுக்கு மேல. க்ளாக் 17 பேரல் 114 மில்லிமீட்டர், பெரெட்டா 92க்கு 125, 1911க்கு 127.

பெரிய பிஸ்டல்ல எகிறல் ஏற்கனவே கம்மி, அதுக்கு எதுக்கு காம்ப், குட்டி பிஸ்டலுக்குத்தானே வேணும்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. குட்டி பிஸ்டல்ல காம்ப் தர்ற நிம்மதி கைக்கு நல்லாவே தெரியும், ஆனா அதுல ஸ்லைடு லேசு, ஓட்டம் குட்டை, கொஞ்சம் சக்தி குறைஞ்சாலும் மக்கர் பண்ணும். பெரிய பிஸ்டல்ல ஓட்டத்துக்கு இடம் தாராளம், ஸ்பிரிங்கை மாத்திப் பொருத்த வழி இருக்கு, முனை கையில இருந்து இன்னும் தூரம்ன்றதால அதே கேஸ் அதிகமா சுத்தும். எகிறல்ல நிஜமா பெரிய வேலை பண்றது எடைதான், போட்டிக்குன்னு வர்ற சிஇசட் ஷேடோ 2 ஸ்டீல் பிஸ்டல் 1.3 கிலோ, காம்ப் இல்லாமலே அமைதியா இருக்கும். பாலிமர் ஃபிரேம் க்ளாக் 17 காலியா 630 கிராம்தான், அதுல காம்ப் வச்சா மாற்றம் தெரியும்.

காம்போட கூடவே வர்ற மத்த அம்சங்களும் இதே நோக்கத்துக்குத்தான்:

1. ரெட் டாட்: மேல பாயற கேஸ் முன் குறியைக் கரி ஆக்கிடும், அதனால ஸ்லைடு பின்பக்கத்துல சிவப்புப் புள்ளி தெரியற கண்ணாடிக் குறி வைக்கறாங்க. புள்ளி அளவை எம்ஓஏ-ல (ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு கோணம்) சொல்லுவாங்க, 25 மீட்டர்ல ஒரு எம்ஓஏ-ன்றது 7 மில்லிமீட்டர், 6 எம்ஓஏ புள்ளி அங்க நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல மறைக்கும். கண்ணாடியும் கரி பிடிக்கும், அடிக்கடி துடைக்கணும்.
2. மேக்வெல்: மேகசின் நுழையற வாய் புனல் மாதிரி அகலமா இருக்கும், மாத்தறது சீக்கிரம் நடக்கும்.
3. ட்ரிகர்: ஒண்ணு ஸ்டிரைக்கர் வகை (உள்ள இருக்கற ஊசியே ஸ்பிரிங்ல பாஞ்சு தோட்டாவைக் குத்தும்), இல்லைன்னா ட்ரிகர் இழுத்தா ஏற்கனவே ஏத்தி வச்ச சுத்தியல் விழற சிங்கிள் ஆக்‌ஷன். 1911ஐ ரெட்டை அடுக்கு மேகசினோட மாத்தின 2011 வகைல இழுப்பு குட்டையா லேசா இருக்கும்.

கூட வர்ற தொல்லைகள்

சத்தம் முதல் தொல்லை. 9 எம்எம் பிஸ்டல் சத்தமே 155 டெசிபலைத் தாண்டும், காது பாதிக்கற எல்லை 140. காம்ப் அந்த சத்தத்தை மேலயும் பக்கத்துலயும் திருப்பிவிடறதால சுடறவருக்கும் பக்கத்துல நிக்கறவருக்கும் இன்னும் கடுமையா இருக்கும், கூரை போட்ட ரேஞ்சுல கேட்கவே வேண்டாம். இருட்டுல நெருப்பு நேரா கண் முன்னாடி மேல எழும். முக்கியமா, துப்பாக்கியை உடம்போட ஒட்டிப் பிடிச்சு சுடற நிலையில மேல வர்ற சூடான கேஸும் எரியாத மருந்துத் துகளும் முகத்துக்கே வரும், கண்ணுக்கு ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி போடாம இதைத் தொடவே கூடாது.

சைலன்சரும் இதுவும் எங்க வேறுபடுது

சைலன்சர் கேஸை உள்ளயே அடைச்சு மெதுவா விடற மூடின குழாய், வெளிய ஓட்டையே இருக்காது, குண்டு போற வழி மட்டும்தான், பிஸ்டலுக்கு வர்றது பொதுவா பத்து சென்டிமீட்டருக்கு மேல நீளம். காம்ப் அதுக்கு நேர் எதிர், கேஸை உடனே வெளிய விடணும், அதனால ஓட்டை வெளிய தெரியும், நீளமும் பொதுவா சில சென்டிமீட்டர்தான். போட்டோவுல இது ஒண்ணே போதும் அடையாளம் பிடிக்க.

குழப்பம் வர்றதுக்கு சட்டத்துலயும் ஒரு காரணம் இருக்கு. அமெரிக்காவுல 1994ல வந்து 2004ல காலாவதியான தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம் பிஸ்டல்ல மரை வெட்டின பேரலை ஒரு அடையாளமா எடுத்துக்கிட்டது, ஏன்னா சைலன்சர் மாட்ட அதே மரைதான் வேணும். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்ல அந்த அடையாளம் இன்னும் சட்டத்துல இருக்கு. அதனால திருகற காம்புக்காக மரை வச்ச பிஸ்டல் அங்க சிக்கல்ல மாட்டும், அதே வேலையைப் பண்ற ஸ்லைடுலயே சேர்ந்த காம்ப்ல மரையே இல்லைன்றதால அந்த அடையாளத்துக்குள்ள வராது. போட்டி விதிகளும் பிரிவுக்குப் பிரிவு மாறும், ஐபிஎஸ்சி ஓப்பன்ல காம்ப் தாராளமா வைக்கலாம், புரொடக்‌ஷன் பிரிவுல கூடவே கூடாது, திருகினதா இருந்தாலும் சரி, பேரல்ல ஓட்டை போட்டதா இருந்தாலும் சரி.